விநாடி முள் வேண்டாம் என்று சொன்னது நான்தான்

ஒரு கடிகாரக் கைவினைஞரிடம் சொல்லிச் செய்த என் கைக்கடிகாரம் சர்வீஸுக்குப் போய்ப் போன வாரம் திரும்பி வந்தது. அன்றைக்கே பார்த்து நண்பன் கேட்டான்: "நானும் ஒண்ணு சொல்லிச் செய்யலாம்னு இருக்கேன். நாலு வருஷமா கட்டியிருக்கியே, எப்படி?" பதில் அடிக்க அடிக்க நீண்டுகொண்டே போனது. கோபத்தை அடக்கித்தான் எழுதப் பார்க்கிறேன்.

டயலில் குறை சொல்ல எதுவும் இல்லை. செம்புத் தகட்டின் மேல் எனாமல் என்கிற கண்ணாடிப் பொடியைத் தூவி, 800 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டு, ஆறவைத்து, மறுபடி தூவி மறுபடி சுட்டது. முதல் டயல் சூளையிலேயே விரிசல் விட்டது. இரண்டாவதில் எங்கிருந்தோ ஒரு கரும்புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதுதான் என் கையில் இருக்கிறது. பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளை. அதன் மேல் சூடேற்றியே நீலமாக்கிய இரண்டு எஃகு முட்கள், சாயம் கிடையாது. நிழலில் கறுப்பாகத் தெரியும். கையைக் கொஞ்சம் திருப்பினால் மயில்கழுத்து.

செய்து தரப் பத்து மாதம் என்ற கைவினைஞர் பத்தொன்பது மாதம் எடுத்துக்கொண்டார். கேட்டபோது அந்தக் காலத்துப் பாரிஸ் கடிகாரக் கலைஞர் பிரெகேயின் கதையைச் சொன்னார். பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்துக்கென்று 1783-ல் சொல்லப்பட்ட கடிகாரம் 1827-ல்தான் முடிந்தது. 1793-ல் அரசியின் தலை போயிற்று, 1823-ல் பிரெகேயும் போய்ச் சேர்ந்தார். இதை ஆறுதலாக ஒரு வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

தாமதமெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது விநாடி முள்.

உள்ளே இருப்பது யூனிடாஸ் 6498. பாக்கெட் கடிகாரத்துக்கென்று பிறந்த பெரிய இயந்திரம், 36.6 மில்லிமீட்டர் அகலம். இதில் ஆறு மணிப் பக்கம் சின்ன விநாடி முள் இயல்பாகவே உண்டு. நான் வேண்டாம் என்றேன். வெள்ளைப் பரப்பில் இன்னொரு வட்டம் எதற்கு என்று பெரிய ரசிகன் மாதிரி பேசினேன். போதாததற்குப் பின்மூடியிலும் கண்ணாடி வேண்டாம், முழு உலோகம் போதும் என்றேன். அவர் முள்ளோடு ஒன்று, முள் இல்லாமல் ஒன்று என இரண்டு படம் வரைந்து அனுப்பி, முதலாவதே நல்லது என்று எழுதியும் இருந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் நாற்பது வருடம் கடிகாரம் செய்த மனிதர் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?

முள் இல்லையென்றால் என்ன ஆகும்? ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துத் தெரியாது. முழுதாகச் சாவி கொடுத்தாலும் ஏறத்தாழ இரண்டு நாள்தான் ஓடும். ஒரு நாள் மறந்தேன். கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு முடிகிற வழியாக இல்லை. மணி பார்த்தேன், நாலு நாற்பது. வெகுநேரம் கழித்துப் பார்த்தேன், நாலு நாற்பது. இப்போது மணி பார்க்கும்போதெல்லாம் காதிலும் வைத்துப் பார்க்கிறேன். எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ தெரியாது.

போன வருடம் அது நிற்கவில்லை, பறந்தது. நாளுக்குக் கால் மணி நேரம் முன்னால். டேப்லெட் உறையில் காந்தம் இருக்கிறது, இரவெல்லாம் கடிகாரத்தை அதன் மேல்தான் வைத்திருக்கிறேன். காந்தம் ஏறினால், கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி வேகம் பிடிக்கும். விநாடி முள் இருந்திருந்தால் போனோடு வைத்துப் பார்த்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பேன். நான் என்ன செய்தேன்? சரியான நேரத்துக்கு வந்தவர்களையெல்லாம் லேட் என்று திட்டினேன். காந்தத்தை எடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த முறை சர்வீஸின்போது பின்மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்பினார். சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகளான பாலங்களின் விளிம்பெல்லாம் கையால் சாய்த்து மெருகேற்றியது, மூலைகள் கத்தி மாதிரி. அதற்கும் காசு கொடுத்தவன் நான். நான்கு வருடத்தில் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். போனில். பெரிதாக்கிப் பெரிதாக்கி ராத்திரி ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: செய்யாதே. கடையில் செய்து வைத்திருப்பதை வாங்கு. பத்துப் பேர் யோசித்து, நாலு பேர் சண்டை போட்டு முடிவு செய்தது அது. சொல்லிச் செய்வதில் உன் முட்டாள்தனத்தைத் தடுக்க ஆள் இல்லை.

சர்வீஸ் பில்லோடு ஒன்று கேட்டிருந்தேன்: இப்போது விநாடி முள் போட முடியுமா? அப்படியே போட முடியாதாம். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் நான்காவது சக்கரத்தின் அச்சுதான் டயலைத் தாண்டி வந்து முள்ளைத் தாங்கும். அதை நறுக்கியாயிற்று, சக்கரத்தையே மாற்ற வேண்டும். சுட்ட எனாமலில் துளை போட்டால் உடையும், டயலும் புதிதாகச் சுட வேண்டும். எட்டு மாதம் என்கிறார். அவர் எட்டு என்றால் பதினாறு.

சரி என்று எழுதிவிட்டேன். நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.