நைரோபியில் தண்ணீர், குப்பை, விளக்கு: நான்கு வருட அனுபவம்

நைரோபியில் கிலிமானி பக்கம் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் திருட்டு பயத்தைப் பற்றியும் டிராஃபிக்கைப் பற்றியும்தான் கேட்கிறார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்பவர் ஒருவரும் இல்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஊரின் பெயரே மாசாய் மொழியில் குளிர்ந்த நீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட ஊரில் குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. இந்தப் பகுதிக்கு இந்தக் கிழமை, இத்தனை மணி நேரம் என்று அட்டவணையே உண்டு. நகரத்துத் தண்ணீரில் பெரும்பங்கு முராங்கா பக்கத்து ந்டகாய்னி அணையிலிருந்து வருகிறது, அதைக் கட்டி முடித்தது 1994-ல். 1989 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 13 லட்சம் பேர், 2019-ல் 44 லட்சம் பேர். நடுவில் மலையைக் குடைந்து ஆற்று நீரைத் திருப்பும் சுரங்கம் ஒன்று வந்திருக்கிறது, அது நல்ல வேலைதான், ஆனால் இந்தக் கூட்டத்துக்கு அது மட்டும் போதாது. அணையிலிருந்து புறப்படுவதிலும் பாதி வழியில் கசிவாகவும் திருட்டு இணைப்பாகவும் நிறையப் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் முறைநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் முதலில் காற்றை இழுத்து உஸ்ஸென்று சத்தம் போடும், பிறகு செம்மண் நிறத்தில் ஒரு வாளி, அப்புறம்தான் தெளிந்த தண்ணீர். அந்தச் சத்தத்துக்கே தூக்கம் கலைந்து எழுந்து பாத்திரம் பாத்திரமாகப் பிடித்து வைப்போம். போன பிப்ரவரியில் இரண்டு வாரம் சத்தமே கேட்கவில்லை. குடியிருப்பில் எல்லாரும் பணம் போட்டு ஒரு பவுசரை, அதாவது தண்ணீர் லாரியை, வரவழைத்தோம், 10,000 லிட்டருக்கு 7,000 ஷில்லிங். நல்ல தண்ணீர் என்று சொல்லித்தான் இறக்கினார்கள். மூன்றாம் நாள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, தேநீர் உப்புக் கரித்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நைரோபியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல் கறைபடும். லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் போனை எடுக்கவில்லை.

எங்களுக்காவது பணம் போட முடிந்தது. முகுரு, மதாரே குடிசைப் பகுதிகள் பக்கம் போனால் மஞ்சள் நிற 20 லிட்டர் கேன்களோடு பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு கேன் சாதாரண நாளில் ஐந்து ஷில்லிங் என்றால் தட்டுப்பாடு வந்தால் இருபது, முப்பது. வீட்டுக்குக் குழாய் இணைப்பும் குறைந்த பயன்பாடும் உள்ளவருக்கு அதே 20 லிட்டர் இரண்டு ஷில்லிங்கைக்கூடத் தொடாது. குழாய் இல்லாதவர்தான் லிட்டருக்கு அதிகம் கொடுக்கிறார், நான்கு வருடத்தில் இந்த ஊரில் என் மனதை அதிகம் அறுத்தது இதுதான். 2015-ல் மதாரேயில் கார்டு தொட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்களை வைத்தார்கள், 20 லிட்டர் அரை ஷில்லிங். அந்த விலையில் அங்கே தண்ணீர் கொடுக்க வழி இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது, தெருவுக்குத் தெரு அது ஏன் இல்லை என்பதுதான் என் கோபம்.

குப்பைக்கு வருவோம். எங்கள் பக்கம் வீடுகளில் குப்பை எடுப்பது பெரும்பாலும் தனியார்தான், மாதப் பணம் கட்ட வேண்டும். எங்களுக்கு எடுக்கிறவர் ஏப்ரல் மழையில் மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை, பணத்தை மட்டும் சரியாகக் கேட்டார். அப்படிச் சேரும் குப்பை கடைசியில் போய்ச் சேரும் இடம் டண்டோரா குப்பைமேடு. 1975-ல் திறந்தது, 2001-லேயே நிரம்பிவிட்டது என்று அறிவித்தார்கள், இன்றும் லாரிகள் அங்கேதான் கொட்டுகின்றன. ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மராபூ நாரைகள், அவற்றுக்குப் பக்கத்திலேயே குனிந்து பிளாஸ்டிக் பொறுக்கும் பையன்கள், புகையில் கண் எரிந்தது. அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இதில் நான் மனதாரப் பாராட்டுவது 2017 ஆகஸ்ட் 28-ல் வந்த பிளாஸ்டிக் பை தடை. அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, அல்லது நான்கு வருடம் வரை சிறை. மழைநீர்க் கால்வாயில் இப்போது பைகள் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் 2024 ஏப்ரலில் மழை கொட்டியபோது மதாரே ஆற்றோரம் வீடுகளே அடித்துப் போயின, பல உயிர்கள் போயின.

தெருவிளக்கு பரவாயில்லை. குடிசைப் பகுதிகளில் உயரமான கம்பத்தில் பெரிய விளக்குகள் வைத்திருக்கிறார்கள், மக்கள் அதற்கு 'முலிகா ம்விசி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், திருடன் மேல் வெளிச்சம் அடி என்று அர்த்தம். எரிகிற இடங்களில் ராத்திரி எட்டு மணிக்கு மேலும் தக்காளி விற்கிறார்கள். பில் கட்டுவது இன்னும் சுலபம், போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசாவில் அரை நிமிடம், எந்த அலுவலக வாசலிலும் நிற்க வேண்டாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் விளக்குக்கும் பில்லுக்கும் ஐந்துக்கு மூன்றரை, குப்பைக்கு இரண்டு, தண்ணீருக்கு ஒன்றரை. இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறையின் அழகை அப்புறம் பாருங்கள். கேர்டேக்கரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறித் தொட்டி எத்தனை லிட்டர், முறைநாள் எது, இல்லாதபோது பவுசரா, சொந்தக் கிணறா என்று கேளுங்கள். கிணறு என்றால் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டுபோய்ச் சோதனை செய்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.