சாப்பாட்டு மேசையில் ஒரு மெயின்ஃபிரேம்: ஹெர்குலிஸ், எம்விஎஸ் 3.8ஜே

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மெயின்ஃபிரேமுக்கு (பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பெருங்கணினி) எங்கே போவது? மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒன்று ஓடுகிறது, அதுவும் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில். மெயின்ஃபிரேம் மாதிரியே நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் எமுலேட்டர் மென்பொருள், அதன் மேல் ஐபிஎம்மின் பழைய மெயின்ஃபிரேம் இயங்குதளமான எம்விஎஸ் 3.8ஜே, இரண்டையும் சேர்த்துக் கட்டிய டிகே4 மைனஸ் தொகுப்பு. எல்லாமே இலவசம். ராம் போதுமா என்று பயந்தேன். அந்தக் காலத்து 24 பிட் முகவரியில் 16 எம்பியைத் தாண்டவே முடியாதாம், லேப்டாப் சும்மா தூங்குகிறது.

நிறுவுவது சுலபம், மெயின்ஃபிரேமின் திரையாக வேலை செய்யும் 3270 டெர்மினல் மென்பொருளை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

வேலை வாங்குவது ஃபைல்தான். சேவ் அமுக்கிவிட்டு எழுந்து போகிற கதை இங்கே நடக்காது. டேட்டாசெட் (இங்கே ஃபைலுக்கு அதுதான் பெயர்) திறக்கும் முன்பே எத்தனை டிராக் (வட்டில் ஒரு வளையம் அளவு இடம்) வேண்டும், நிரம்பினால் கூடுதலாக எவ்வளவு, ஒரு ரெக்கார்டு எத்தனை பைட் என்று சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பெரட்டுல நிரை பிரிச்சுக் குடுக்குற மாதிரி இருக்கேடா" என்றார். காலையில் ஆட்களைக் கூட்டி, ஆளுக்கு இத்தனை வரிசை மரம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அதேதான்!

பழகுவதற்காக ஒரு செக்ரோலை (தொழிலாளர் வருகைப் பதிவேடு) 80 பைட் ரெக்கார்டாக அடித்தேன் (பஞ்ச் கார்டில் 80 பத்தி, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை). 5 டிராக் கேட்டு ஒரு பிடிஎஸ் (மெம்பர் என்ற சிறு ஃபைல்கள் பலவற்றை வைக்கும் டேட்டாசெட்), நிரம்பினால் எடுக்கும் கூடுதல் இடமான செகண்டரியைப் போட மறந்துவிட்டேன். ஒரே மெம்பரைத் திருத்தித் திருத்திச் சேவ் செய்ததில் நாலாம் நாள் எஸ்டி37 அபெண்ட், அதாவது இடம் தீர்ந்து வேலை பாதியில் நின்றுவிட்டது. இருப்பது ஒரு மெம்பர், எப்படி நிரம்பியது என்று மண்டை காய்ந்தது. ஒவ்வொரு சேவுக்கும் புதுப் பிரதியைக் கடைசியில் எழுதிவிட்டு, பழைய இடத்தை அப்படியே போட்டுவிடுகிறது. ஐஇபிகாபி என்ற காப்பி நிரலை வைத்து கம்ப்ரெஸ் செய்தால்தான் அந்த இடம் திரும்பும். இது எரிச்சல்தான், மறுக்க மாட்டேன்.

அப்புறம் தொழிலாளி எண்ணைச் சாவியாக வைத்து விசாம் கேஎஸ்டிஎஸ் (சாவியை வைத்து ரெக்கார்டைத் தேடும் டேட்டாசெட்) ஒன்று கட்டினேன். எண் வரிசையாக இல்லாத ரெக்கார்டை ரெப்ரோ கட்டளை ஏற்றவில்லை, முதலில் சார்ட் செய்யச் சொல்லிப் பிடிவாதம். அதற்குப் பிறகு எந்த ஆளின் வரியையும் நேராக எடுக்கலாம். அப்பாவுக்கு இதுதான் பிடித்தது.

குறை என்றால், ஐபிஎம்மின் ஐஎஸ்பிஎஃப் (மெனுவும் எடிட்டரும்) கிடையாது, கோபால் மொழி ரொம்பப் பழையது, பிடிஎஸ்ஸின் மேம்பட்ட வடிவமான பிடிஎஸ்இ இதற்குப் பிறகு வந்தது. ஜெசிஎல் (மெயின்ஃபிரேமுக்கு வேலை சொல்லும் மொழி) பழக இது தாராளம். மழைக்கு கரண்ட் போகிற ஊர் என்றால் பேட்டரி சரியாக இருக்கிற லேப்டாப்பாகப் பாருங்கள், ஷட்டவுனையும் முறையாகச் செய்யுங்கள்.