தாய்லாந்துச் சரக்கா, தமிழ்நாட்டுச் சரக்கா: இரண்டு வணிக ஒப்பந்தங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நான், எவர்சில்வர் சரக்கின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டிலிருந்து தாய்லாந்துக்கு மாற்றிவிட்டேன். தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வழியாக லாரியில் வருவது, சென்னையிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பலில் வருவதைவிட விரைவானது என்பதை விளக்கத் தேவையில்லை. வரிச் சலுகையும் இரு பக்கமும் உண்டு; மலேசியாவும் தாய்லாந்தும் உள்ள தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரியிலும், ஆசியான் நாடுகளுக்கிடையிலான சரக்கு வணிக ஒப்பந்தம் அதே ஆண்டு மே மாதத்திலும் நடப்புக்கு வந்தன.

என் முடிவைத் தீர்மானித்தது, பொருள் எந்நாட்டில் உருவானது என்பதை மெய்ப்பிக்கும் விதிதான். ஆசியானின் பொது விதிப்படி, பொருளின் மதிப்பில் 40 விழுக்காடு ஆசியானுக்குள் உருவாகியிருக்க வேண்டும், அல்லது சுங்கத்துறை பொருள்களை வகைப்படுத்தும் எண்ணின் முதல் நான்கு இலக்கம், அதாவது சுங்கத் தலைப்பு, மூலப்பொருளிலிருந்து மாறியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். சீனத் தகட்டை வாங்கித் தாய்லாந்தில் தூக்குச்சட்டி செய்தாலும், தகடு அந்தச் சுங்கப் பட்டியலின் 72ஆம் அத்தியாயத்திலும் சட்டி 73ஆம் அத்தியாயத்திலும் இருப்பதால், தகட்டின் விலை என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. இந்திய ஒப்பந்தமோ 35 விழுக்காட்டு மதிப்பையும் ஆறு இலக்கத் தலைப்பு மாற்றத்தையும் சேர்த்தே கேட்கிறது. 2011இல் வந்த மலேசிய – இந்திய ஒப்பந்தமும் அப்படித்தான். எண் சிறியதாகத் தெரிந்தாலும், எவர்சில்வரில் அடக்க விலையின் பெரும்பங்கு தகட்டுக்கே போய்விடுவதால், சீனத் தகட்டைப் பயன்படுத்தும் சிறு பட்டறை அந்த 35ஐ எட்டுவது எளிதன்று. எட்டினாலும் செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும். பொருள் உருவான நாட்டுக்கான சான்றிதழ் செல்லாது என்றாகிவிட்டால் முழு வரியும் இறக்குமதி செய்தவர் தலையில்தான் விழும்.

மேலும், 2020 செப்டம்பரிலிருந்து ஆசியானில் சான்று பெற்ற ஏற்றுமதியாளர் தம் விலைப்பட்டியலிலேயே உற்பத்தி நாட்டை உறுதிமொழியாக எழுதித் தரலாம். இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்கு அதிகாரம் பெற்ற அமைப்பு வழங்கும் சான்றிதழ் வேண்டும்.

ஆசியானும் சீனா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளும் சேர்ந்த ஆர்செப் (RCEP) வணிக உடன்படிக்கை 2022 மார்ச்சில் மலேசியாவுக்கு நடப்பானது. இந்தியா 2019இலேயே அதற்கான பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொண்டதால், என் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கை மட்டும் இன்னும் தமிழ்நாட்டிலிருந்தே தருவிக்கிறேன்; கைவேலையின் பங்கு மிகுந்த பொருளாதலால், உள்நாட்டு மதிப்பு அதில் பெரிய தடையாவதில்லை. பருப்பு, மசாலை போன்ற உணவுப் பொருள்களை நான் இறக்குமதி செய்ததில்லை. அவற்றுக்கு என் கணக்கு பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.