பித்தளையா வெண்கலமா: ஒரே கிட்டார், பதினாறு செட் கம்பி

சேலம் குகைப் பகுதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் கிட்டார் ஐந்து வருஷமாக அதேதான். பிளைவுட் முகப்பு வைத்த சாதாரண டிரெட்நாட், அதாவது பெரிய உடம்பு கொண்ட, எஃகுக் கம்பி போடும் வகை. மாறியதெல்லாம் கம்பி. இதுவரை பதினாறு செட் போட்டாயிற்று. ஒவ்வொரு அட்டையிலும் மாட்டிய தேதியை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன், அதனால் கணக்கு கைவசம் இருக்கிறது. மரமும் கையும் திண்ணையும் மாறாததால், சத்தத்தில் கேட்ட வித்தியாசம் பெரும்பாலும் கம்பியால் வந்தது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருஷம் '80/20 பிரான்ஸ்' (bronze, வெண்கலம்) செட்தான் போட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா, நான் வெட்டிப் போட்ட நுனி ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது வெண்கலம் இல்ல கண்ணு, பித்தளை" என்றார். அட்டையில் பிரான்ஸ் என்றுதானே இருக்கிறது என்றேன். "அட்டையில ஆயிரம் போடுவான்."

அவர் சொன்னதுதான் சரி. 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால்தான் வெண்கலம். அந்தக் கணக்கில் அசல் வெண்கலம் என்றால் பாஸ்பர் பிரான்ஸ்தான்: சுமார் 92 பங்கு செம்பு, மீதி வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். டடாரியோ கம்பெனி 1974-இல் கிட்டாருக்குக் கொண்டுவந்த கலவை இது. பக்கத்தில் வைத்தால் நிறமே சொல்லிவிடும். ஒன்று பளிச்சென்ற மஞ்சள், இன்னொன்று செம்பு ஓடிய நிறம்.

வெண்கலக் குரல் என்றுதானே சொல்கிறோம், பாஸ்பர் பிரான்ஸ் போட்டால் கணீரென்று கேட்கும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது தலைகீழ். கணீரென்று தெறிப்பது பித்தளைதான். ஸ்ட்ரம் அடித்தால் கோலிசோடா திறந்த மாதிரி இருக்கும். ஆனால் பத்து நாளில் அந்தத் தெறிப்பு போய்விடும், எனக்குக் கை வேறு வேர்க்கும். பாஸ்பர் பிரான்ஸ் முதல் நாளே கொஞ்சம் அடக்கம். கனத்த கம்பிகளில் ஒரு சூடு இருக்கும், விரலால் மீட்டினால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கும். பாடுகிறவரோடு சேர்ந்து வாசிக்க இதுதான் தோது. பித்தளை என் தம்பியின் மெல்லிய குரலை அமுக்கிவிடுகிறது.

இந்தச் சண்டை முழுக்க ஆறில் நாலு கம்பிக்காகத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய முதல் இரண்டு கம்பியும் எந்த செட்டிலும் வெறும் எஃகு, மற்ற நாலின் மேல்தான் பித்தளையோ வெண்கலமோ சுற்றியிருக்கும். தம்பியைத் திரும்பி உட்காரச் சொல்லி அந்த இரண்டை மட்டும் வாசித்துக் காட்டினேன். எது எந்த செட் என்று அவனால் சொல்ல முடியவில்லை. மாற்றி உட்கார்ந்து கேட்டேன், என்னாலும் முடியவில்லை.

உலோகத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது கனம். அட்டையில் 10, 11, 12 என்று போட்டிருப்பது முதல் கம்பியின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 10-க்கும் 12-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே சுருதிக்கு முறுக்கினால், இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 போட்டால் முதல் கம்பியில் சுமார் 7 கிலோ இழுவை, 12 போட்டால் சுமார் 10 கிலோ. 12 செட்டின் ஆறு கம்பியும் சேர்ந்து, முகப்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜை 70 கிலோ அளவுக்கு இழுக்கும். அந்த இழுவைதான் பலகையை அசைக்கிறது. என் பிளைவுட் கிட்டாரில் 10 போட்டபோது சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. 12 போட்டதும் அடித்தொண்டையிலிருந்து வந்தது, ஆனால் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் மணிக்கட்டு கடுத்தது. இப்போது 11-இல் நிற்கிறேன். விரல் பழகாதவர்கள் 10-இல் தொடங்குவதில் தப்பே இல்லை. கிட்டார் என்றால் 12 என்று பயமுறுத்துகிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டாரில் எஃகு செட்டை மாட்டிவிட்டான். நைலான் செட்டின் இழுவை ஏறக்குறைய இதில் பாதிதான். மூன்றாம் வாரம் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்தது.

கம்பி ஏன் செத்துப்போகிறது என்பதைத் தாத்தாவின் தறிதான் எனக்குப் புரியவைத்தது. சரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியது. கிட்டாரின் கனத்த கம்பியும் அதே வேலைதான். நடுவில் எஃகு, பெரும்பாலும் ஆறு பட்டையாக, சுற்று வழுக்காமல் பிடித்துக்கொள்ள. அதன் மேல் பித்தளையோ வெண்கலமோ சுற்று. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வேர்வையும் அழுக்கும் இறங்கினால் கம்பி தன்னிஷ்டத்துக்கு அதிராது, மேல்சுரங்கள் முதலில் போகும். பழைய செட்டைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துப் பார்த்தேன். உயிர் வந்தது, நாலே நாளுக்கு. அம்மாவின் பால் பாத்திரத்தில் கொதிக்கவைத்தது தனிக் கதை.

கோட்டட் கம்பிக்கு மாறியது அதன் பிறகுதான். மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, இடுக்கில் அழுக்கு இறங்காது. விலை இரண்டு மடங்குக்கு மேல். சாதா செட் எனக்கு ஒரு மாதம் தாங்கும், இது நாலு மாதம் ஓடுகிறது. புதுசாக இருக்கும்போது சாதாவின் கூர்மை இதில் இல்லை, தொட்டால் சற்று வழவழ. மீட்டும் பிக் படும் இடத்தில் பூச்சு உரிந்து பஞ்சு மாதிரி தொங்கும். அழகாக இருக்காது, சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்பி மேல் பழி போடுமுன் ஊரையும் பார்க்க வேண்டும். மாமா ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டர். மாதம் ஒரு முறை கிட்டாரோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடுவேன். சேலத்தில் சுத்தமாகச் சுருதி சேர்த்து எடுத்துப்போனால் மேலே போவதற்குள் சுருதி ஏறியிருக்கும். குளிரில் எஃகு சுருங்குகிறது, பனி ஈரத்தில் மரம் உப்புகிறது. மழை மாதங்களில் அங்கே எந்தக் கம்பியும் மந்தமாகத்தான் கேட்கும், கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டிலிருந்து கம்பியும் கொஞ்சம் எழும்பி நிற்கும். சேலத்து மே வெயிலில் நேர்மாறு, முகப்பு வற்றி இறங்கிக் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். முதல் வருஷம் இது தெரியாமல் மூன்று வாரம் ஆன நல்ல செட்டைக் குப்பையில் போட்டேன். ஏற்காட்டில் சாதா பாஸ்பர் பிரான்ஸ் இரண்டே வாரத்தில் கறுத்தும் போனது.

இப்போது கிட்டாரில் இருப்பது 11-52 (முதல் கம்பி 11, ஆறாவது 52) பாஸ்பர் பிரான்ஸ், கோட்டட். நாலரை மாதம் ஆகிறது. மூன்றாவது கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே பள்ளம் விழுந்து விரலில் தட்டுகிறது. புது செட் பீரோவில் தயாராக இருக்கிறது. தம்பி தினமும் கேட்கிறான். வர ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்து மாட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.