எம்.சி. ரோட்டுல வாங்குன தூளி ஸ்டாண்டு: ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. ஸ்டாண்டுக்கு மூணு, மொத நாள் அது செஞ்ச ஒரு வேலைக்கு அரை. அத கீழ சொல்றேன்.

நாங்க இருக்கறது மெட்ராஸ் தண்டையார்பேட்டைல வாடகை வூடு. சீலிங்ல கொக்கி கெடையாது, ட்ரில் போட ஹவுஸ் ஓனர் வுட மாட்டாரு, ஃபேன் கொக்கிலயே கட்டிக்கலாமேன்னு சொந்தக்காரர் ஒருத்தர் ஐடியா குடுத்தாரு, அவருகிட்ட அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கறதில்ல. காசிமேட்டுல எங்கம்மா இருக்கற பழைய வூட்ல உத்தரம் இருக்குது, நானு என் தம்பி எல்லாம் அதுல தொங்குனவங்கதான். இங்க ஸ்டாண்டு வுட்டா வேற வழி இல்ல.

முன்னாடியே வாங்கி வெச்சிருக்கலாம், ஆனா எங்கம்மா (பொண்ணு ஆயான்னு கூப்புடும், நானும் இனிமே ஆயான்னே எழுதறேன்) வுடல. கொழந்த வர்றதுக்கு முன்னாடி வெறும் தூளி வூட்ல தொங்கக் கூடாதாம், வெறும் தூளிய ஆட்டுனா கொழந்தைக்கு வயித்து வலி வருமாம். நம்பறனோ இல்லியோ, ஆயாகிட்ட வாதாட எனக்குத் தெம்பு இல்ல. அதனால பையன் பொறந்து மூணாவது நாள், டிஸ்சார்ஜுக்கு மொத நாள், ஞாயித்துக்கெழமையா பாத்து பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் போனேன். ஞாயித்துக்கெழம அந்த ரோட்ல நடக்கறதே கஷ்டம்னு மெட்ராஸ்ல கொழந்தைக்குக் கூட தெரியும், எனக்குத் தெரியல.

ஸ்டாண்டு 1,450 ரூபா, ஸ்ப்ரிங்கு தனியா 250. மூணு பீஸா கழட்டி மாட்டற இரும்பு பைப்பு, ஸ்க்ரூ போட்டு டைட் பண்ணணும். 1,700 கேட்டாரு, பேசிப் பேசி அம்பது ரூபா கொறைச்சாரு. தூக்கிக்கினு ஷேர் ஆட்டோல வந்தேன், பைப்பு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சி, பக்கத்துல உக்காந்திருந்த மீன் கூடைக்காரம்மா "இன்னா கொழந்த?"ன்னு கேட்டுட்டு ஆம்பளப் புள்ளன்னதும் அவங்க நாலு பேரன் கதையையும் டோல்கேட் வர்ற வரைக்கும் சொல்றேன்னாங்க, நான் தண்டையார்பேட்டைலயே எறங்கிட்டேன்.

வூட்ல மாட்டிப் பாத்தா நாலு கால்ல ஒரு காலுக்கு ரப்பர் புஷ் இல்ல. மொசைக் தரைல நகத்துனா கிரீச்சுன்னு பல்லு கூசுது. கடைக்கு போன் பண்ணா "அது கம்பெனிலயே வர்லங்க"ன்னு வெச்சிட்டாரு. மறுபடியும் எம்.சி. ரோடுக்கு யாரு போறது, தெருமுன ஹார்டுவேர் கடைல பத்து ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன்.

ஸ்ப்ரிங்கு பத்தி ஒரு விஷயம், கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. மேல 20 கிலோன்னு ஸ்டிக்கர். நல்லதுதானேன்னு வாங்கிட்டேன். ஆனா நம்ம பையன் 2.9 கிலோ, அந்த வெயிட்டுக்கு கெட்டி ஸ்ப்ரிங்கு அசையவே இல்ல, கல்லு மாரி நிக்குது, கையால இழுத்து வுட்டாதான் ஆடுது. பச்சக் கொழந்தைக்குன்னா லைட் ஸ்ப்ரிங்கு கேளுங்க, வளந்தப்புறம் மாத்திக்கலாம். கூட குடுத்த நைலான் வலைத் துணிய ஆயா தொட்டுப் பாத்துட்டு ஓரமா போட்டுச்சி, தன்னோட பழைய காட்டன் பொடவையைக் கட்டிடுச்சி, அது நூறு தடவ தொவச்சி சாஃப்டா இருக்குது. ராத்திரி முழுக்க தூளில போட வேணாம், ஒடம்பு வளைஞ்சி தாடை நெஞ்சுல இடிச்சா மூச்சு விட கஷ்டம், பகல்ல பக்கத்துல ஆள் இருக்கறப்ப மட்டும் போடுங்கன்னு எங்க கொழந்த டாக்டர் சொன்னாரு. நைட்டு பாய்ல சமமாதான் படுக்க வைக்கறோம்.

சரி, அந்த அரை மார்க்குக்கு வர்றேன்.

பொண்ணுக்கு ரெண்டே கால் வயசு. வைஃபுக்கு சிசேரியன், வார்டுக்குள்ள சின்னப் பசங்கள வுடல, அதனால நாலு நாள் அது காசிமேட்டுல ஆயா கூட. வீடியோ கால்ல மட்டும்தான் தம்பியக் காட்டுனோம். ஆஸ்பத்திரில நர்ஸம்மா ஒருத்தங்க கெளம்பறப்ப சொன்னாங்க, பெரியவ வர்றப்ப சின்னவன் உன் மடில இருக்கக் கூடாதும்மா, எங்கனா படுக்க வெச்சிட்டு ரெண்டு கையையும் காலியா வெச்சிக்கோன்னு. அதுக்குத்தான் இந்தத் தூளி ஆச்சி. ஆறு வாரத்துக்கு வெயிட்டு தூக்காதன்னு வைஃபுக்கு சொல்லியிருந்தாங்க, பொண்ணு பதினோரு கிலோ, தூக்க முடியாது. கட்டில்ல உக்காந்துக்கினு கைய நீட்டுனா.

பொண்ணு வாசல்ல நின்னுச்சி. கைல பாதி கடிச்ச பொறை. அம்மா பக்கமே திரும்பல. நாலு நாள் எங்க போனன்னு கோவம் போல, ஆயா பொடவைய புடிச்சிக்கினு மூஞ்ச பொதச்சிக்கிச்சி. வைஃபு கண்ணு கலங்கிடுச்சி, நான் பாக்காத மாரி ஃபேன் ரெகுலேட்டர திருகிக்கினு நின்னேன். அப்பதான் தூளிக்குள்ள இருந்து ஒரு தும்மல். பொண்ணு நைசா போய் பொடவைய வெலக்கிப் பாத்துச்சி. பாத்துட்டு எங்கிட்ட திரும்பி, "போன் பாப்பா!"ன்னுச்சி.

ஆமா, நாலு நாளா போனுக்குள்ள இருந்த பாப்பாதான அதுக்கு. கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, பாப்பாவ போன்ல போடுன்னுச்சி. போடல. அப்புறம் பொறையத் தூக்கி தம்பி வயித்து மேல வெச்சிச்சி, தின்னுன்னு. நான் ஓடிப்போய் எடுத்தேன், அதுக்கு ஒரு அழுக. அந்த அழுகைலதான் நேரா அம்மா மடிக்குப் போச்சி, அங்க எடம் காலியா இருந்துச்சி.

கைய கழுவிட்டு கால மட்டும் தொடலாம், மூஞ்சி வேணாம்னு ஆயா ரூல் போட்டுச்சி. ஒரு மணி நேரம் கால் வெரல எண்ணிக்கினு இருந்துச்சி, அதுக்கு மூணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

மூணாவது நாள் தானும் தூளில படுக்கணும்னு ஆரம்பிச்சிது. பால் பாட்டில வுட்டு ஆறு மாசம் ஆச்சி, அதையும் திருப்பிக் கேட்டுச்சி. தம்பி வந்தா இப்டித்தான்னு ஆயா சொல்லிடுச்சி, நாங்களும் திட்டல. தம்பி பாய்ல தூங்கறப்ப இத ஏத்தி ஆட்டுனோம், 20 கிலோ ஸ்ப்ரிங்கு அப்பதான் சூப்பரா ஆடுச்சி! ஆனா பொண்ணு வெளிய நின்னுக்கினு பொடவைய புடிச்சி இழுத்தா ஸ்டாண்டு சாயுது. அடில அகலம் பத்தல, இதுக்குத்தான் ரெண்டு மார்க் கொறைச்சேன். இப்ப செவுத்து மூலைல தள்ளி, பின்னால பைப்பு மேல அரிசி மூட்டை ஒண்ணு ஏத்தி வெச்சிருக்கோம். ஸ்ப்ரிங்கு மேல துணி உறை தெச்சிப் போட்டாச்சி, இல்லன்னா வெரல வுட்டுடும்.

வூட்ல ஒரே கொழந்தன்னா தாராளமா வாங்கலாம். பெரியது ஓடியாடற வயசுன்னா, கடைலயே மாட்டச் சொல்லி ஒரு பக்கமா புடிச்சி இழுத்துப் பாருங்க, நாலு காலையும் தடவி புஷ் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க. ஞாயித்துக்கெழம போவாதீங்க.