இடப்பக்கம் இழுத்த வண்டி: 61,000 கிலோமீட்டருக்குப் பிறகு

சித்தப்பா பையன் போன வாரம் போன் பண்ணினான். “அண்ணா, உன் பைக் மாதிரியே ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது. 2019 மாடல். எடுக்கலாமா?” ரெண்டு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில். முக்கால் மணி நேரம் பேசினேன். பாவம், அவன்தான் போனை வைத்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

இன்ஜினைப் பற்றிக் குறையே கிடையாது. 150 சிசி, லிட்டருக்கு 48, நிதானமாகப் போனால் 50. கிளட்ச் பிளேட் ஒரு தடவை மாற்றினேன், அவ்வளவுதான். இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

விஷயம் 36,000 கிலோமீட்டரில் ஆரம்பித்தது. தினமும் காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம் போய் வருகிறவன் நான். வாலாஜாபாத் தாண்டி ரோடு நேராகப் போகிற இடத்தில் கையைக் கொஞ்சம் தளர்த்தினால், மூன்று எண்ணுவதற்குள் வண்டி இடப்பக்க வெள்ளைக் கோட்டைத் தேடிப் போகும். இழுத்து நேராக்க வேண்டும். மறுபடி போகும். பக்கத்திலேயே கன்டெய்னர் லாரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும்.

முதல் மெக்கானிக் ஏர் பார்த்தார். சரியாக இருந்தது. “ரோடே ஓரம் சரிவாத்தான் சார் இருக்கும், மழைத்தண்ணி ஓடணும்ல” என்றார். அவர் சொன்னது உண்மைதான். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும். அதனால் ஒரு ஞாயிறு விடியற்காலையில், ஆளில்லாத கிராமத்து ரோட்டின் நடுமுதுகிலேயே 40-ல் ஓட்டிப் பார்த்தேன். (கையை எடுத்துவிட்டு யாரும் பார்க்காதீர்கள், பிடியைத் தளர்த்தினாலே தெரியும்.) அங்கேயும் இழுத்தது. ரோட்டின் மேல் பழி போட முடியாது.

இரண்டாமவர் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினார். நடுவில் வந்ததும் ‘டக்’கென்று தானாக உட்கார்ந்தது. “கோன் செட் போச்சு.” ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்தான் அது. மாற்றினோம், 850 ரூபாய். ஸ்பீட் பிரேக்கரில் வந்துகொண்டிருந்த சத்தம் போனது. இழுப்பு போகவில்லை. மூன்றாமவர் கேட்ட முதல் கேள்வி, “எங்கயாச்சும் விழுந்தீங்களா?” விழுந்திருக்கிறேன், மழையில், ஒரே ஒரு தடவை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, அதை இறுக்கும் டி போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி மாட்டினார். 1,400. இழுத்தது. முன் டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அதையும் மாற்ற வைத்தார். புது டயரும் இழுத்தது. பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து உட்காருவதால் இருக்கும் என்று ஆபீசில் ஒரு மேதை சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பர்ஸைச் சட்டைப்பைக்கு மாற்றியும் ஓட்டினேன்.

கடைசியில் வழி சொன்னவர் எங்கள் தெரு சைக்கிள் கடைப் பெரியவர். “முன்னாடி போறவனையே ஏம்பா அடிக்கிறே? பின்னாடி தள்ளுறவன் எந்தப் பக்கம் பாக்குறான்னு பாத்தியா?”

பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க நூல்கண்டு எடுத்தேன். பின் டயரின் பின்பக்கமாகச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு பக்கமும் நூலை முன்சக்கரம் தாண்டி இழுத்து, இரண்டு பெயிண்ட் டப்பாவில் கட்டினேன். பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் நூல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் கால் நூலை மறித்ததால், மச்சான்தான் வண்டியை நிமிர்த்திப் பிடித்தார், முனகிக்கொண்டே. பின் டயர் அகலம் 120 மில்லிமீட்டர், முன் டயர் 90. முன்சக்கரத்தை நூலுக்கு இணையாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 15 மில்லி இடைவெளி வர வேண்டும். எனக்கு ஒரு பக்கம் 28. மறுபக்கம் டயரை நூல் உரசாத குறை.

பின்சக்கரம் கோணலாக நின்றிருக்கிறது! பின் ஆக்சில், அதாவது சக்கரத்தின் நடுத்தண்டு, ஒரு பக்கம் 2 மில்லி முன்னே பின்னே இருந்தால் போதும், ஒன்றேகால் மீட்டர் தாண்டி முன்சக்கரத்திடம் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும்.

அப்போதுதான் பொறி தட்டியது. 36,000-த்தில்தான் பின் டயரும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நாளில் மாற்றினேன். அந்தக் கடைக்காரரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. பிறகு குனிந்து பார்த்தால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆக்சிலை நேராக வைக்கக் கம்பெனி போட்டிருக்கும் கோடுகளில், இரண்டு பக்கமும் சரியாக மூன்றாவது கோட்டில் வைத்திருக்கிறார் மனுஷர். அவர் மேல் தப்பே இல்லை. ஸ்கேல் வைத்து, ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை இரண்டு பக்கமும் அளந்தேன். இரண்டு மில்லி வித்தியாசம். கோடே பொய். அதுவரை செயின் டைட் வைத்தவர்கள் எல்லாம் இரண்டு பக்க நட்டையும் ஒரே அளவு திருகியதால் கம்பெனியில் வைத்த நிலை காப்பாற்றப்பட்டிருக்கிறது. கோட்டை நம்பிய முதல் யோக்கியர்தான் மாட்டிக்கொண்டார்.

வலப்பக்க நட்டை ஒன்றரைச் சுற்று திருகினேன். நூல் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. செயின் தளர்ச்சி 25 மில்லி இருக்கிறதா என்று பார்த்து ஆக்சில் நட்டை முறுக்கினேன். செலவு, நூல்கண்டு பத்து ரூபாய். மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் சரியான இடத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். இப்போது மெக்கானிக் யாராக இருந்தாலும், “அண்ணே, கோட்டைப் பாக்காதீங்க, பொட்டைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சாவி கொடுப்பது. நூலிலும் அளவிலும் எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ், சேஸிஸ் என்று பெரிய வேலை. அதைத் தெருவில் வைத்துப் பார்க்க முடியாது.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: இந்த வண்டியை எடுக்காதே. இன்ஜினை இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கோடு போடத் தெரியவில்லை. இரண்டு வருஷத் தோள்வலியை நான் மன்னிக்கிறதாக இல்லை.

“அப்ப உன் வண்டியையாவது எனக்குக் குடு, பொட்டு வெச்சது” என்றான்.

தரமாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்த 2019-ஐ ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு வருகிறானாம். பெயிண்ட் டப்பா இரண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.