தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏ.ஏ. கூட்டம்: யாருக்குச் சரிப்படும், எங்கே உதைக்கும்

குடியை நிறுத்தியவர் மறுபடி தொடாமல் இருக்கப் பத்துப் பைசா வாங்காமல் துணை நிற்கிற ஏற்பாடு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. தாராளமாகப் போகச் சொல்வோம். ஆனால் அது ஆஸ்பத்திரி இல்லை.

காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற அளவுக்கு வந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலர் உளறுவார்கள், இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் உயிரைப் பறிகொடுத்துவிடக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முன்கூட்டியே காட்டி, மாத்திரையோடும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் அந்த வாரத்தைக் கடந்துவிட வேண்டும். எங்கே காட்டுவது என்று தெரியாவிட்டால் 14446, 14416, 104 மூன்றுமே வழிகாட்டும் எண்கள்.

கூட்டத்தைக் கண்டுபிடிக்க ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலுள்ள உதவி எண்தான் நம்பகமான வழி. போனை எடுப்பவரும் குடியை விட்ட ஒரு உறுப்பினர்தான், சம்பளத்துக்கு இருப்பவர் இல்லை. பகலில் எடுக்காவிட்டால் சாயங்காலம் கூப்பிடுங்கள். கேட்க வேண்டியவை: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன மொழியில், இந்த வாரம் உண்டா, குடும்பத்தார் வரலாமா. கடைசிக் கேள்வி முக்கியம். மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும். கூட வந்த மனைவி வாசலில் காத்திருக்க நேரும். இடம் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளியிலோ ஒரு அறையாக இருக்கும். யாரும் மதம் மாற்ற மாட்டார்கள்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது திரும்பி வரும் பஸ்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம் வைப்பார்கள், டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் கடைசி வண்டியைத் தவறவிட்டு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிற அந்த நேரம்தான் ஆபத்தானது. வண்டி ஏறும்வரை கூட நிற்க முடியுமா என்று உறுப்பினர் ஒருவரைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு வேலை நேரம் மாறும் வாரமெல்லாம் கூட்டம் தட்டிப்போகும்; பெங்களூரில் வேறு நேரங்களில் நடக்கும் கூட்டங்களையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே ஒன்று, ஒன்றரை மணி நேரம். பிரார்த்தனை, குடியை விட்டு மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளிலிருந்து வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகப் பகிர்வு. "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேச்சில்லை, உபதேசமும் இல்லை. பேச வராவிட்டால் "இன்னிக்குக் கேக்க வந்தேங்க" என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். பதிவேடு கிடையாது, ஊர், தொழில் கேட்பதில்லை. பை ஒன்று சுற்றி வரும். விருப்பப்பட்ட உறுப்பினர்கள் போடுவது டீக்கும் வாடகைக்கும். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடையை வாங்குவதே இல்லை.

குறைகளும் உண்டு. சின்ன ஊரில் பக்கத்துத் தெருக்காரரே எதிர் நாற்காலியில் இருக்கலாம். அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்றாலும், கூச்சம் தாங்காவிட்டால் முதல் சில வாரம் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்லும் பழக்கம் ஏ.ஏ.வில் உண்டு, தினமும் கூட்டம் நடக்காத ஊரில் அது நடக்காத காரியம். இடைப்பட்ட நாட்களை ஸ்பான்சரோடு (புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) போனிலும் ஆன்லைன் தமிழ்க் கூட்டத்திலும் நிரப்ப வேண்டும். பெண்களுக்குத்தான் இந்த ஏற்பாடு மிகவும் போதாது: அறையில் ஒரு பெண்கூட இல்லாமல் போகலாம், பெண்ணுக்குப் பெண்தான் ஸ்பான்சராக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஆன்லைன் மகளிர் கூட்டமே மேல். கடவுள் பேச்சு சிலரை உறுத்தும். நம்பிக்கை இல்லாதவரும் உட்காரலாம், குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் நிபந்தனை. மாத்திரையை விட்டுவிடு என்று எந்த உறுப்பினராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் வேலை பார்க்க ஏ.ஏ. யாருக்கும் அனுமதி தரவில்லை.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று: குழம்பில் தெரியாமல் பொடியோ மாத்திரையோ கலந்து கொடுக்காதீர்கள். குடியை விட டாக்டர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் அதற்குப் போகலாம்.

இடையில் ஒரு நாள் சறுக்கிக் குடித்துவிட்டாலும் கூட்டத்தை விட வேண்டாம். போதையோடு வந்தால் அன்று பேச வேண்டாம் என்பார்கள், அடுத்த வாரமும் வரச் சொல்வார்கள்.